தட்டின் மேல் கட்டைவிரல்

கறிக்கடைக்காரர் எங்கள் கடைக்குள் வந்தபோது ஒரு கையில் வெட்டுக்கத்தி இருந்தது, மறு கையில் இசைத்தட்டு இருந்தது. தட்டைத்தான் பத்திரமாகப் பிடித்திருந்தார். கத்தி போகிற போக்கில் கதவு நிலையில் பட்டு ஒரு சில்லு மரத்தைப் பெயர்த்துப் போட்டது. தட்டு எதன் மேலும் உரசவில்லை. அந்த நிலையிலும் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

கடை என் அக்காவுடையது. புருஷன் விட்டுப்போன கடை என்று ஊரில் சொல்வார்கள். தப்பு. புருஷனை விட்டுவிட்டு அவள் வாங்கிய கடை. முன்பக்கம் எல்.பி. என்கிற நெடுந்தட்டுகள் வரிசை வரிசையாக நிற்கும். சுவர் முழுக்கக் கேசட்டுகள். வாசலுக்குப் பக்கத்துக் கண்ணாடி அலமாரியில் சி.டி.க்கள். கல்லாவுக்குப் பின்னால், தொட்டால் உடைகிற பழைய அரக்குத் தட்டுகள். கல்லா மேல் ஒரு பிளேயர். வாங்குகிறவர்கள் போட்டுக் கேட்டுப் பார்ப்பதற்கு. நான் தட்டு துடைப்பேன், ஊசி மாற்றுவேன், அக்காவிடம் திட்டு வாங்குவேன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே சம்பளம்.

எங்களோடு என் மச்சானும் இருந்தான். என் மனைவியின் தம்பி. முப்பத்தைந்து வயது ஆள், கன்னம் உப்பி, எந்நேரமும் எண்ணெயில் பொரித்த ஏதாவது ஒன்றை மென்றுகொண்டிருப்பான். அதற்கு முன் பார்த்த வேலைகளில் எல்லாம் எதையாவது உடைத்துவிட்டு வந்தவன். கடைசியாக ஒரு முதலாளியின் காலை உடைத்திருந்தான், அதுவும் தவறுதலாகத்தான். கடையில் சேர்க்க அழைத்துப் போன அன்று என் மனைவி வாசலில் நின்று சொன்னாள்:

"என் தம்பிய முழுசாக் கூட்டிட்டுப் போறீங்க. முழுசாத் திருப்பிக் கொண்டாங்க. ஒரு மயிரு குறைஞ்சாலும் உங்ககிட்ட இருந்து எடுத்து ஒட்டிருவேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லுகிறவள் இல்லை.

எங்கள் கடையில் சட்டம் ஒன்றே ஒன்று. தட்டை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே, விளிம்பு மட்டும் படும்படி. தட்டின் முகத்தில் விரல் பட்டால் எண்ணெய்ப்பசை ஒட்டும், பசையில் தூசி ஒட்டும், தூசியில் ஊசி இடறும். அக்கா மச்சானுக்கு இதைச் சொல்லிப் பார்த்தாள். பலிக்கவில்லை. பிறகு அவன் பத்து விரலையும் முத்திரை மையில் முக்கிவிட்டு, விற்காத தட்டுகளைக் கையில் கொடுத்தாள். தட்டில் ஒரு கறை விழுந்தால் கன்னத்தில் ஒரு அறை விழும். அதிலும் தேறிய பிறகு எறிய ஆரம்பித்தாள். குனிந்திருந்தால் எறிவாள், சாப்பிடும்போது எறிவாள், திரும்பி நின்றால் முதுகைப் பார்த்து எறிவாள். மழைக்காலம் முடிவதற்குள், தூங்குகிறவன் மேல் எறிந்தால்கூட எழாமலே இரண்டு கையையும் நீட்டி ஓரத்தில் பிடித்துவிட்டுக் குறட்டையைத் தொடர்கிற அளவுக்கு வந்துவிட்டான்.

ஆனால் கறிக்கடைக்காரர் கொண்டுவந்த தட்டு, மச்சான் சேர்ந்த முதல் நாள் விற்றது. அதாவது மைக்கு முன்னால், அறைக்கு முன்னால்.

கறிக்கடைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருக்கோடியில் கடை. மாட்டுத் தொடையை ஒரே வெட்டில் இரண்டாக்குவார். சாயந்திரம் கடையை மூடி, தோல் வெளுக்கும்வரை கை கழுவி, அதற்கப்புறம்தான் தட்டைத் தொடுவார். இந்தத் தட்டை வாங்கிக்கொண்டு போனவர் உடனே போடவில்லை. அதற்குத் தகுதியான ஊசி தன்னிடம் இல்லை என்று, வெளியூருக்கு ஆள் அனுப்பி ஊசி வரவழைத்து, அது வந்து சேரும்வரை உறையைக்கூடத் திறக்காமல் காத்திருந்தார். அன்று காலை ஊசி வந்தது. உறையைப் பிரித்தார். முதல் பாட்டின் மேல், நட்ட நடுவில், ஒரு கட்டைவிரல் ரேகை.

"எவன்?" என்றார் உள்ளே வந்ததும்.

"வாங்கண்ணே," என்றாள் அக்கா. "கத்திய வாசல்ல வெச்சிட்டு வாங்க. எல்லாரும் குடைய அங்கதான வெக்கிறாங்க."

"கத்திக்கு உள்ளதான் வேலை, தங்கச்சி."

கடையில் அப்போது வழக்கமாக வருகிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எதிர்ச்சாரியில் இருக்கும் பல் டாக்டர். நோயாளியின் வாயைத் திறந்துவைத்துவிட்டு, மரத்துப்போகும்வரை எங்கள் கடையில் தட்டு புரட்டுவார். இன்னொருவருக்கு மோனோ என்று பெயர். இடது காது பிறவியிலேயே கேட்காது; ஒற்றைத் தடத்தில் ஒலிக்கிற தட்டின் பெயரையே அவருக்கும் வைத்துவிட்டோம்.

டாக்டர் தட்டை ஓரத்தில் வாங்கி விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "அடப்பாவி. முதல் பாட்டு மேலயே."

மோனோவும் எட்டிப் பார்த்தார். "ரேகைல நடுவுல ஒரு வெட்டுத் தழும்பு தெரியுது பாருங்க. தகர மூடி கிழிச்ச மாதிரி."

மச்சான் தன் வலது கையை மெதுவாகப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"மோந்து பாருங்க," என்றார் கறிக்கடைக்காரர். "என் கையில கொழுப்பு இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா அது ஆட்டுக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு. இது கடலையெண்ணெய். இந்தக் கடையில கடலையெண்ணெயில குளிக்கிறவன் எவன்?"

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். அவன் வாயில் மென்றுகொண்டிருந்ததை அப்படியே விழுங்கினான்.

"அத்தான்," என்று என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். "நான் அப்பப் புதுசு அத்தான்."

"நான் தொழில்ல புதுசா இருந்தப்ப ஒரு தப்புப் பண்ணேன்," என்றார் கறிக்கடைக்காரர். "எங்கப்பா இந்தச் சுண்டுவிரல எடுத்துட்டாரு." இடது கையைக் காட்டினார். நான்கு விரல்தான் இருந்தது. "அதுக்கப்புறம் தப்பே பண்ணல. எந்த விரல் தப்புப் பண்ணுச்சோ அந்த விரல். அவ்வளவுதான். ஆளு மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. நல்ல பையன்."

"நியாயமாத்தான் இருக்கு," என்றார் மோனோ.

"யோவ், என்னய்யா நியாயம்?" என்றேன். எனக்கு என் மனைவி ஞாபகம்.

"இருங்க, இருங்க," என்றார் டாக்டர். "கண்ணுல தெரியறது வேற, காதுல விழறது வேற. போட்டுக் கேப்போம். சத்தம் வரலன்னா விரல விட்டுருங்க."

கறிக்கடைக்காரர் யோசித்தார். "சரி. வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா உங்க இஷ்டம்," என்றார் டாக்டர், தன் விரலா என்ன என்ற தாராளத்தோடு.

தட்டைப் பிளேயரில் வைத்தோம். அக்காவே ஊசியை இறக்கினாள். பாட்டு தொடங்கியது. அருமையான குரல். நாங்கள் ஆறு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். முதல் சில சுற்றுகளில் ஒன்றுமில்லை. மச்சான் என் சட்டையை விட்டான். அடுத்த சுற்றில், குரல் மேலே ஏறுகிற இடத்தில், ஒரு 'டப்'. அதற்கடுத்த சுற்றிலும் 'டப்'. மச்சான் மறுபடி என் சட்டையைப் பிடித்தான்.

"எனக்கே கேக்குது," என்றார் மோனோ.

கறிக்கடைக்காரர் கத்தியை ஓங்கி, கல்லாவின் மூலையைத் தட்டிக் காட்டினார். "கைய இங்க வை தம்பி. கண்ண மூடிக்க. எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்."

அப்போது அக்கா கல்லாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். ஷட்டரை இழுக்கிற இரும்புக் கொக்கி அவள் கையில் இருந்தது.

"அண்ணே, என் கடையில என் ஆள அடிக்கிறதா இருந்தா நான்தான் அடிப்பேன். வெட்டறதா இருந்தாலும் நான்தான். வெளியாளுக்கு விட்டதில்ல."

"தங்கச்சி, தள்ளிக்க."

"முடியாது."

"தள்ளிக்கன்னேன்."

அவள் தள்ளிக்கொள்ளவில்லை. கொக்கியால் அவர் முழங்காலில் ஒன்று போட்டாள். காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு ஓசை. கறிக்கடைக்காரர் கீழே உட்காரவில்லை. உட்கார்ந்தால் கத்திக்கு மரியாதையில்லை என்று நினைத்திருப்பார். அவர் திருப்பி வீசிய வீச்சில் கல்லாவின் மூலை, நல்ல தேக்கு, வெண்ணெய்க்கட்டி மாதிரி அறுந்து என் பாதத்தின் மேல் விழுந்தது. என் பெருவிரல் நகம் அன்றைக்குப் போனதுதான்.

டாக்டர் சமாதானம் பேச நடுவில் வந்தார். "இங்க பாருங்க, ரெண்டு பேரும் படிச்சவங்க..." என்று தொடங்கினார். இரண்டு பேரும் படிக்கவில்லை. கறிக்கடைக்காரரின் முழங்கை அவர் வாயில் இறங்கியது. பல் டாக்டருக்கே முன்பல் போனது. அதைக் கையில் ஏந்திப் பார்த்து, "நல்ல வேரு," என்று சொல்லிவிட்டு, பல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கறிக்கடைக்காரரின் முதுகில் ஏறிக் காதைக் கடித்தார். மிச்சமிருந்த பற்களை வைத்துத்தான்.

மோனோ யார் பக்கம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கையில் கிடைத்தவரை எல்லாம் அடித்தார். அக்கா அவருடைய இடது காதைப் பொத்தி ஒரு அறை விட்டாள். அந்த அறையில், பிறந்ததிலிருந்து அடைத்திருந்த காது திறந்துகொண்டது. மோனோ அப்படியே நின்றார். தலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். "ரெண்டு பக்கமும் வருதே!" என்று அழுதுகொண்டே ஒரு நாற்காலியைத் தூக்கி என் தலையில் போட்டார். சந்தோஷத்தில் செய்ததென்று பிறகு சொன்னார்.

நான் விழுந்தது அரக்குத் தட்டுகளின் மேல். அரக்குத் தட்டு உடைந்தால் கண்ணாடிதான். ஒரு சில்லு என் புருவத்துக்கு மேல் ஏறியது. அதை இன்னும் எடுக்கவில்லை. குளிர்காலத்தில் அந்த இடம் குத்தும்போது உடைந்த தட்டில் இருந்த பாட்டின் இரண்டாம் சரணம் மட்டும் லேசாகக் கேட்கும். பல்லவி வேறு சில்லில் போய்விட்டது.

கறிக்கடைக்காரர் டாக்டரை முதுகிலிருந்து உதறினார். டாக்டர் போய் விழுந்த இடத்தில் நெடுந்தட்டு அலமாரி சாய்ந்தது. தட்டுகள் உறையை விட்டு நாலா பக்கமும் பறந்தன. அப்போதுதான் மச்சானைப் பார்த்தேன். கத்தி தேடுகிற விரலை வைத்துக்கொண்டு ஓடி ஒளிய வேண்டியவன், சண்டைக்கு நடுவே அங்கும் இங்கும் பாய்ந்துகொண்டிருந்தான். பறக்கிற தட்டு ஒவ்வொன்றையும் ஓரத்தில் பிடித்தான். உறையில் போட்டான். எந்த வரிசையில் இருந்ததோ அந்த வரிசையில் செருகினான். அவன் தலைக்கு மேல் கத்தி போகும், குனிவான், தட்டைப் பிடிப்பான், செருகுவான். இரத்தம் வழுக்கிய இடத்தில் முட்டி போட்டுச் சறுக்கிக்கொண்டே இரண்டு தட்டை இரண்டு கையில் பிடித்தான். அந்தச் சண்டையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

அக்காவின் கொக்கி எங்கேயோ போய்விட்டது. அவள் சுவரிலிருந்து ஒரு கேசட்டை உருவி, நாடாவை வெளியே இழுத்து, கறிக்கடைக்காரரின் கழுத்தில் சுற்றி இறுக்கினாள். அவர் கண் பிதுங்கியது. நாக்கு வெளியே வந்தது. நாடா நீண்டுகொண்டே போய் அறுந்தது. தொண்ணூறு நிமிடக் கேசட்டின் நாடா மெல்லிசு. அறுபது நிமிடக் கேசட்டாக இருந்திருந்தால் அவர் அங்கேயே போயிருப்பார். அவசரத்தில் சரியான சரக்கைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மூச்சு திரும்பியதும் அவர் யாரையும் பார்க்கவில்லை. மச்சானைத்தான் பார்த்தார். கத்தியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நொண்டியபடி பாய்ந்தார். அக்காவின் காலில் கொக்கி தட்டுப்பட்டது. எடுத்தாள். அவர் மணிக்கட்டில் இறக்கினாள்.

கத்தி கையை விட்டது. காற்றில் சுழன்றது. அகலக் கத்தி, வேகமாகச் சுற்றும்போது வட்டமாகத் தெரிந்தது. பளபளவென்று தெரிந்தது. மச்சான் பக்கமாகத்தான் வந்தது. அவன் ஒதுங்கியிருக்கலாம். எவனும் ஒதுங்குவான். ஆனால் ஒரு மழைக்காலம் முழுக்க வட்டமாக, பளபளப்பாக, சுற்றிக்கொண்டு வந்த ஒவ்வொன்றையும் ஓரத்தில் பிடித்தே பழகியவன். இரண்டு கையையும் நீட்டினான்.

பிடித்துவிட்டான். சுத்தமாக, ஓரத்தில்.

வலது கட்டைவிரல் மட்டும் தனியாகக் கிளம்பிப் போய், கல்லா மேல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்த கறிக்கடைக்காரரின் தட்டில் விழுந்தது. விழுந்து, தட்டோடு சேர்ந்து சுற்றியது. ஊசி மெதுவாக அதை நோக்கி வந்துகொண்டிருந்தது.

எல்லோரும் தட்டையே எட்டிப் பார்த்தோம். மோனோதான் பேசினார்.

"மறுபடியும் முகத்துலதான் வெக்கிறான் பாருங்க."

மச்சான் தன் கையைப் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்தான். "ஊசிய எடுங்க அக்கா, ஊசி போயிடும்," என்று சொல்லிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

 முழுசாத் திருப்பிக் கொண்டாங்க என்ற என் மனைவியின் குரல்தான் எனக்குக் காதுக்குள் நின்றது. தெரியாமல் ஒரு தடவை அவன் மீசையை ஒதுக்கிவிட்டதற்கே எனக்குச் சோறு கிடைக்கவில்லை. இது கட்டைவிரல்.

அக்கா ஊசியைத் தூக்கினாள். கறிக்கடைக்காரர் விரலை எடுத்தார். இரண்டு முனையையும் பிடித்துத்தான் எடுத்தார், நடுவில் தொடவில்லை. "தண்ணி ஊத்தாதீங்க," என்றார். "கறி வெளுத்துரும். ஐஸ்ல நேரா வெக்காதீங்க, கருகிரும்." நெடுந்தட்டின் உள்ளே போடுகிற மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கேட்டு வாங்கினார். விரலை அதில் போட்டு மடித்தார். பக்கத்துச் சோடாக்கடையிலிருந்து ஐஸ் வந்தது. அதன் மேல் உறையை வைத்தார். மச்சானின் மணிக்கட்டைக் கேசட் நாடாவால் அவரே கட்டினார். இந்த முறை அறுபது நிமிட நாடா கேட்டு வாங்கினார்.

"டாக்டர் சார், தைங்க," என்றேன்.

"யோவ், நான் பல் டாக்டர்யா," என்றார் டாக்டர். முன்பல் இல்லாததால் பாதி காற்றாக வந்தது.

"பல்லும் எலும்புல நிக்குது, விரலும் எலும்புல நிக்குது," என்றாள் அக்கா. "தைங்க."

"கொஞ்சம் இருங்க," என்றார் கறிக்கடைக்காரர். "தைக்கறதுக்கு முன்னால ஒரு விஷயம். இது யார் விரல்?"

"என்னங்க கேள்வி? இவனுதுதான்," என்றேன்.

"இல்ல. நான் கேட்டு வந்தேன். சத்தம் வந்தா என் இஷ்டம்னு பேச்சு. வந்துச்சு. விரல் வெளிய வந்துருச்சு. இப்ப இது என் விரல். வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

நியாயப்படி பார்த்தால் சரிதான். அதுதான் எனக்கு அழுகையாக வந்தது. அவர் காலைப் பிடித்தேன். அக்கா உடைத்த முழங்கால் என்று தெரியாமல் பிடித்துவிட்டேன். எட்டி உதைத்தார். மறுபடி போய்ப் பிடித்தேன், இந்த முறை மற்றக் கால்.

"அண்ணே, எனக்கு வீட்டுக்குப் போகணும்ணே. இந்த விரல் இல்லாமப் போனா அவ என் விரல எடுத்து அவனுக்கு ஒட்டிருவா."

அவர் குனிந்தார். தரையில் கிடந்த தன் கத்தியை எடுத்தார். போச்சு, இன்னொரு விரலும் போச்சு என்று நினைத்தேன். அவர் கத்தியை விளக்கின் கீழ் கொண்டுபோய்ச் சாய்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், திருப்பி அந்தப் பக்கம் பார்த்தார். ஓரம் முழுக்க இரத்தம். கத்தியின் முகத்தில் ஒரு ரேகை இல்லை. ஒரு புள்ளி எண்ணெய் இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது.

"தங்கச்சி," என்றார் மெதுவாக. "பறக்கிற கத்தி. விரல் போகுது. அப்பக்கூட முகத்துல கை வெக்கல பாத்தியா?"

"நான் பழக்கினது," என்றாள் அக்கா.

கறிக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார். நாடா இறுக்கியதால் கண் ஏற்கெனவே சிவந்திருந்தது, அதனால் அழுதாரா என்று சொல்ல முடியவில்லை. "இப்படிப்பட்ட கைக்குக் கட்டைவிரல் இருக்கணும். சரி, தைங்க. ஆனா விரல் என்னுது. இரவலாத்தான் குடுக்கறேன்."

எதிர்ச்சாரிக்குத் தூக்கிப் போய் டாக்டரின் நாற்காலியில் மச்சானைச் சாய்த்தோம். அதில் ஏற்கெனவே வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்த நோயாளியை மோனோ தூக்கி வெளியே வைத்தார். டாக்டர் ஈறு தைக்கிற நூலால் தைத்தார், பல் வரிசைக்குக் கட்டுகிற கம்பியால் எலும்பைக் கட்டினார். கறிக்கடைக்காரர் அவர் பிடரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தையல் கோணினால் பிடரியை ஒரு முறுக்கு முறுக்குவார், டாக்டர் பிரித்துவிட்டு மறுபடி தைப்பார். வலியில் நடுவே விழித்துக்கொண்ட மச்சான் டாக்டரை ஒரு குத்துக் குத்தினான். இரண்டாவது பல்லும் அப்போதுதான் போனது.

விரல் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறது, போகிற வண்டியில் லிப்ட் கேட்கிற மாதிரி. வீட்டில் என் மனைவி தம்பியின் கையை விளக்கில் பிடித்துப் பார்த்தாள், விரல்களை எண்ணினாள், ஐந்து இருந்தது. பிறகு கரண்டியால் என்னை அடித்தாள். எண்ணிக்கை சரியாக இருந்ததால் கொஞ்சமாகத்தான்.

கறிக்கடைக்காரர் வாரா வாரம் நொண்டிக்கொண்டே வருவார். "என் விரல் எப்படியிருக்கு?" என்பார். நகத்தை அவர்தான் வெட்டுவார். அந்த விரலால் பொரித்த எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டதால் மச்சான் நான்கு விரலால் சாப்பிடுகிறான், இளைத்துக்கூட விட்டான். பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளைக்கு வில்லங்கம் ஏதும் உண்டா என்று கேட்டதற்கு, ஒரு விரல் மட்டும் அடுத்தவருடையது என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறான்.

போன வாரம் ஒரு ஆள் வந்தான். நல்ல உயரம், கழுத்தே இல்லாத தோள். வாங்கிப்போன சி.டி. திக்குகிறதாம். கீறியது அவன்தான், பார்த்தாலே தெரிந்தது. மாற்றித் தர முடியாது என்று மச்சான் சொன்னதும், கல்லாவுக்கு மேல் கையை விட்டு அந்தக் கட்டைவிரலையே பிடித்து முறுக்க ஆரம்பித்தான். மச்சான் கத்தவில்லை.

"அண்ணே, முறுக்கறதுன்னா முறுக்குங்க," என்றான். "ஆனா இது என்னுது இல்ல. சொந்தக்காரர் தெருக்கோடிக் கறிக்கடையில இருக்காரு. ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துருங்க."

அந்த ஆள் சிரித்தான். கேட்டுவிட்டே வருகிறேன் என்று போனான்.

அவனுடைய சி.டி. இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.